பிள்ளை தூங்குதே, அத்தே!

வாயாடியை ஊரில் எல்லோருக்கும் பிடிக்கும். பெண் கொடுத்தவர்களுக்கு மட்டும் பிடிக்காது. இது முன்னாலேயே தெரிந்திருந்தால் ஒன்று வாயைக் குறைத்திருப்பேன், இல்லையென்றால் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டிருப்பேன். (வாயைக் குறைத்திருக்க மாட்டேன். சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்.)

எனக்குப் படிப்பு கிடையாது. வாத்தியார் பிரம்பைத் தேடும் நேரத்தில் நான் வாசலைத் தேடிவிடுவேன். இப்போது நான் சொல்லச் சொல்ல என் மருமகன் எழுதுகிறான். எழுத்துப் பிழை இருந்தால் அவனுடையது. மற்ற பிழையெல்லாம் என்னுடையது.

ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம். திருநெல்வேலி டவுணில் ரத வீதியில் ஒரு ஜவுளிக் கடையில் சீலை விரித்துக் காட்டுவது என் வேலை. சீலையைவிட என் பேச்சுக்குத்தான் கூட்டம் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். (நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். முதலாளி ஒருநாளும் சொன்னதில்லை.) என் மனைவி செண்பகம் தலைப்பிரசவத்துக்கு அவள் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் தாமிரவருணிக் கரையில் ஊர். பெண் பிறந்தது. ஆவுடை என்று பெயர் வைத்தார்கள். பெயர் என்ன வைக்கலாம் என்று என்னை யாரும் கேட்கவில்லை. காப்புச் செய்து கொண்டுவரத்தான் ஆள் அனுப்பினார்கள்.

ஐப்பசியில் பிள்ளைக்கு ஐந்தாம் மாதம். பிள்ளையையும் தாயையும் புருஷன் வீட்டுக்கு அனுப்புவது ஒற்றைப்படை மாதத்தில்தான். ஐந்தை விட்டால் ஏழு. ஏழு மார்கழியில் வந்து விழுகிறது, மார்கழியில் யாரும் பெண்ணை அனுப்ப மாட்டார்கள். அதை விட்டால் ஒன்பது, மாசி. அதுவரை நான் தனியாகச் சோறு பொங்கித் தின்ன வேண்டும். ஏற்கெனவே என் சமையலைத் தின்று தின்று எனக்கே என்மேல் வெறுப்பு வந்திருந்தது. கடையில் லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

மாமனார் வாசலிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"வாங்க மாப்ள. கார் அறுப்பு முடிஞ்சிருக்கு. நெல்ல அவிச்சுக் காயப்போட்டு மண் குலுக்கைல கொட்டணும். அவிச்ச நெல்லுன்னா வருசம் பூரா கெடாது. ஒங்க வீட்டுக்கும் அதுலதான் அரிசி. அந்தச் சோலி முடிஞ்ச மறுநாளு வண்டி கெட்டிருதேன். ஒம்ம பொண்டாட்டி பிள்ளய நீரே கூட்டிட்டுப் போவும்."

"சும்மா உக்காந்திருக்க ஒரு மாதிரி இருக்கும் மாமா, நானும் ஒரு கை பிடிக்கேன்" என்றேன். மரியாதைக்குச் சொன்னது. அவர் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார்.

போய்ப் பார்த்தால் வீடே ஒரு கடை மாதிரி இருந்தது. கூடத்தில் சுண்டைக்காய் மோரில் ஊறியது. அடுக்களையில் நார்த்தங்காயைச் சுருள் சுருளாக அரிந்து உள்ளே உப்பை அடைத்துக்கொண்டிருந்தார்கள். சீனியவரைக்காய் சுளகில் காய்ந்தது. பின்கட்டில் ராத்திரி ஊறப்போட்ட நெல்லைச் செப்பு அண்டாவில் ஏற்றி, பனை மட்டையை வைத்து எரித்து அவித்துக்கொண்டிருந்தாள் இசக்கி. அந்த வேலைக்கென்று வந்து போகிறவள். நெல் வாய் பிளந்ததும் இறக்கி வீட்டை ஒட்டிய களத்தில் விரிப்பார்கள். அதற்குப் பிறகுள்ள வேலை என்னுடையது. நெல்லுக்குள் கால் வைத்து வரிசை வரிசையாக நடந்து கிண்டிவிட வேண்டும். அடியில் கிடப்பது மேலே வர வேண்டும். கோழி வந்தால் விரட்ட வேண்டும். வெயில் இறங்கினால் குவிக்க வேண்டும்.

இனி என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் மாமியார் மருமகன் எதிரே வந்து நிற்க மாட்டார், நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேச மாட்டார். கதவுக்குப் பின்னால் நிற்பார். சேலைத் தலைப்பும் சத்தமும் மட்டும் இந்தப் பக்கம் வரும். கல்யாணமான புதிதில் என் மாமியார் தூணைப் பார்த்து "எல போட்டாச்சு" என்பார். தூண் நகராது. நான் எழுந்து போய்ச் சாப்பிடுவேன். ஆவுடை பிறந்த பிறகு தூணுக்கு வேலை போய்விட்டது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் நின்றால் போதும், என்னிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

முதல் நாள் காலையிலேயே தொடங்கிவிட்டது.

"ஏளா ஆவுடை, ஒங்கப்பாவுக்கு இன்னுங் கொஞ்சம் பழையது ஊத்தட்டான்னு கேளு."

நானும் விடவில்லை. "ஆவுடை, ஒங்கப்பா வயிறு குலுக்கை இல்லன்னு ஒங்க ஆச்சிகிட்டச் சொல்லு."

ஆவுடை கை முஷ்டியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். அடுக்களையில் செண்பகம் சிரிப்பது கேட்டது. எனக்குத் தலை கால் புரியவில்லை. டவுணில் சரக்கு விற்கச் சிரிக்க வைப்பேன். இங்கே விற்க ஒன்றுமில்லை, இருந்தும் சிரிக்கிறார்கள்!

மறுநாள் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது: "ஆவுடை, நெல்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தா காயாது, கால வச்சுக் கெண்டணும்னு சொல்லு."

"ஆவுடை, ஒங்கப்பா இதுவர சீலைதான் விரிச்சிருக்காவ, நெல்லு விரிச்சதில்லன்னு சொல்லு."

"சீலைன்னா விரிச்சாப் போதும், மடிக்க வேற ஆளு இருக்கும். இங்க விரிக்கதும் அள்ளுததும் ஒரே ஆளுதான்னு சொல்லு, ஆவுடை."

அடி சரியாகத்தான் விழுந்தது. இசக்கி அண்டாவுக்கு அந்தப் பக்கம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். என் வாய்க்குப் பதில் சொல்கிற வாயை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கும் பார்க்கவில்லை, கதவு மறைத்திருந்தது. எப்படியாவது இந்த அம்மாளை ஒரு தடவை ஜெயித்துவிட்டுத்தான் ஊருக்குப் போவது என்று மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டேன். (எழுத்துத் தெரியாதவன் மனசுக்குள் எழுதியது அது ஒன்றுதான்.)

கடைசி ஈடு நெல் களத்தில் விரித்த நாள் வந்தது. அது காய்ந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. முன்னால் அவித்ததையும் நன்றாகக் காயட்டும் என்று அதனோடு சேர்த்து விரித்திருந்தார்கள். ஒரு வருஷத்துச் சாப்பாடு முழுவதும் அந்தக் களத்தில் கிடந்தது. மறுநாள் காலைக்கு வண்டி சொல்லியாகிவிட்டது. செண்பகம் டிரங்குப் பெட்டியைக் கட்டி நடையில் கொண்டுவந்து வைத்திருந்தாள். வைத்துவிட்டு ஒரு தடவை என்னைப் பார்த்து நேராகச் சிரித்தாள்.

மாமனார் அடுத்த போகம் பிசானத்துக்கு நாற்றங்கால் பார்க்கப் போய்விட்டார். இசக்கி அண்டாவைத் தேய்க்க வாய்க்காலுக்குப் போனாள். செண்பகம் பிள்ளைத் துணிகளை அலச ஆற்றுக்குப் புறப்பட்டாள்.

"அம்மா வத்தல் சோலியா இருக்கா. பிள்ள இப்பத்தான் கண்ணசந்தா, ராவெல்லாம் தூங்கல. நீங்க நெல்லப் பாத்துக்கிடுங்க."

"சரி."

"வாயையும் பாத்துக்கிடுங்க."

"ஒருத்தனே ரெண்டையும் எப்பிடிப் பாக்கது?" என்றேன். சிரித்துக்கொண்டேதான் போனாள்.

நான் களத்தோரம் மாடு அவிழ்த்து நிறுத்தியிருந்த பார வண்டியில் சாய்ந்து உட்கார்ந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தேன். களத்தில் வெயில் பல்லைக் காட்டியது. நெல் பொன்னாகக் கிடந்தது. அப்போது அடுக்களைப் பக்கமிருந்து ஒரு செருமல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று, இன்னும் பெரிதாக. பிறகு கரண்டியால் பானையைத் தட்டுகிற சத்தம்.

திரும்பிப் பார்த்தேன். மேற்கே மலைப்பக்கம் கறுத்திருந்தது. தூரத்தில்தான். களத்தில் நல்ல வெயில்.

"ஏ கோழி" என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல். "மேக்க பாத்தியா? ஐப்பசி மழ சொல்லிட்டா வரும்? நெல்ல குமிச்சாத்தான ஆகும்?"

எனக்குப் புரிந்தது. புரியாமல் ஒன்றுமில்லை. சாட்சிக்கு யாரும் வேண்டாம், நானே சொல்கிறேன், நன்றாகப் புரிந்தது. ஆனால் இன்றைக்கு ஆவுடை தூங்குகிறாள். செண்பகம் ஆற்றில். இசக்கி வாய்க்காலில். அம்மாளுக்குப் பேச ஆளில்லை, கோழியிடம் வந்து நிற்கிறார்! இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு எப்போது கிடைக்கும்? நேரே என்னிடம் பேச வைத்துவிட்டால் கடையில் போய் ஒரு மாதத்துக்குச் சொல்லலாம்.

"கோழி" என்றேன் நானும். "வெயிலு அடிக்கும்போதே நெல்ல அள்ளுனா காயுமா? நீயே சொல்லு."

கோழி நெல்லைக் கொத்திக்கொண்டிருந்தது. விரட்டவேண்டியவன் நான்தான். விரட்டவில்லை.

குளிர்ந்த காற்று ஒன்று வந்து போனது. நெல் வாசத்தோடு ஈரமண் வாசமும் வந்தது. கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

என் மாமியார் வெளியே வந்துவிட்டார். களத்தில் இறங்கி என் எதிரே வந்து நின்றார். கையிலிருந்து மோர் சொட்டியது, சுண்டைக்காய் பிழிந்துகொண்டிருந்த கை. நாற்பது வயதுகூட இருக்காது. அதுவரை அந்த முகத்தை நான் முழுதாகப் பார்த்ததில்லை. செண்பகத்தின் முகம் அப்படியே இருந்தது. பயந்த செண்பகம்.

"மாப்ள" என்றார். "மழ வந்துட்டுது மாப்ள. நெல்ல அள்ளுங்க."

நான் ஜெயித்துவிட்டேன். அந்த இடத்தில் எழுந்து ஓடியிருந்தால் ஜெயித்தது ஜெயித்ததாகவே இருந்திருக்கும். நான் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினேன். கையைக் கட்டிக்கொண்டேன்.

"பிள்ள தூங்குதே, அத்தே. எந்திரிக்கட்டும். பெறவு அதுகிட்டச் சொல்லி அனுப்புங்க."

வாய்க்காலிலிருந்து அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு இசக்கியும், கூட வந்த இரண்டு பெண்களும் வேலிப் படலுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றிருந்தது அப்போதுதான் தெரிந்தது. மூவரும் சிரித்துவிட்டார்கள். பொங்கி வந்த சிரிப்பு. எனக்கு மாலை போட்ட மாதிரி இருந்தது.

மாமியார் அவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குள் போனார். தாழ்ப்பாள் விழுந்தது.

முதல் துளி என் மூக்கில் விழுந்தது. நான் அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மழையா அது! வானத்தில் யாரோ அண்டாவைச் சரித்துவிட்டார்கள். நான் துள்ளிக் குதித்து ஓலைப்பெட்டியைத் தேடினேன். பெட்டியெல்லாம் வீட்டுக்குள். கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. வேட்டியை அவிழ்த்து விரித்து, கோவணத்தோடு நின்று, நெல்லை வாரி வாரி அதில் போட்டேன். ஒரு முனையைப் பிடித்தால் மறு முனையில் கொட்டியது. ஓடப் போனேன். ஈர நெல் மேல் கால் வைத்தால் என்ன ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை உட்கார்ந்தபடியே வழுக்கிக்கொண்டு போனேன்.

இசக்கி அண்டாவைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "மாப்ள ஐயா, பெட்டி எங்க?"

"உள்ள."

"கதவத் தட்டுங்க!"

"தட்டிட்டேன்."

"என்ன சொன்னாவ?"

"ஒண்ணுஞ் சொல்லல."

"எளவு, நானும் சேந்து சிரிச்சேனே" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டு, முந்தானையில் அள்ளத் தொடங்கினாள். கூட வந்தவர்களும் அள்ளினார்கள். முந்தானையில் எவ்வளவு அள்ள முடியும்? களத்துச் சரிவில் நெல் ஒரு ஓடையாகப் போய் வாய்க்காலில் விழுந்தது. கோழிகூட ஒதுங்கி நின்று பார்த்தது.

அப்போது உள்ளே ஆவுடை விழித்துக்கொண்டு அழுதாள். இப்போது பிள்ளை எழுந்துவிட்டது. சொல்லி அனுப்ப ஆள் இருந்தது. சொல்லத்தான் யாரும் இல்லை.

செண்பகம் ஆற்றிலிருந்து நனைந்துகொண்டே ஓடி வந்தாள். களத்தைப் பார்த்தாள். சேற்றில் கோவணத்தோடு நிற்கிற என்னைப் பார்த்தாள். இசக்கி அவள் காதில் என்னவோ சொன்னாள். செண்பகம் கதவைத் தட்டி "யம்மா, நான்தான்" என்றதும் கதவு திறந்தது. உள்ளே போய் வெகுநேரம் வரவில்லை. நான் தாழ்வாரத்தில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலைப்படிக்கு வந்தாள். அவள் கண் பிள்ளையின் முகத்தில் இருந்தது.

"ஆவுடை" என்றாள். "ஒங்கப்பாவுக்கு மேலெல்லாம் நனைஞ்சிருக்கு. தொடச்சிக்கிடச் சொல்லு."

துண்டை நிலைப்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

நான் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினேன்.

மாமனார் பொழுது சாய வந்தார். களத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கையைக் கழுவினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். "மாப்ள, காலைல ஒங்களுக்கு ரயிலு எப்போ?" என்று கேட்டார், அவ்வளவுதான். மறுநாள் சொன்னபடி வண்டி வந்தது. டிரங்குப் பெட்டியை நடையிலிருந்து உள்ளே எடுத்து வைத்திருந்தார்கள். அத்தனை பெரிய வண்டியில் நான் ஒருவன் மட்டும் ஸ்டேஷனுக்குப் போனேன். வண்டிக்காரன் பாதி வழியில் திரும்பிப் பார்த்து, "பிள்ள தூங்குதா?" என்றான். அதற்குள் ஊர் முழுக்கப் போயிருக்கிறது.

மாசியில் அனுப்பினார்கள். கூடவே அரிசியும் வந்தது. மழையில் போனது போக, அள்ளிய நெல்லை அடுப்படிக்கு மேலே பரண் கட்டிப் புகையில் உலர்த்தி, குத்தி அனுப்பியிருந்தார்கள். "மாப்ள காவல் காத்த நெல்லு, அவுகளுக்கே குடுத்து விட்டிருக்கேன்" என்று மாமனார் சொல்லி அனுப்பினார். பானையைத் திறந்தால் தெருக்கோடி வரை மக்கல் வாடை அடிக்கும். பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டுவதைக்கூட எனக்காக மிச்சம் வைத்திருந்தார்கள். மாமனார் மாமியாரும் வந்திருக்க, டவுண் கோயிலில் வைத்து, அந்த அரிசியைப் பொங்கி, நெய் ஊற்றிப் பிசைந்து முதல் வாய் நான்தான் ஊட்டினேன். ஆவுடை முகத்தைச் சுளித்தாள். வாய்க்குள் போன அவ்வளவையும் என் முகத்திலேயே துப்பினாள். குருக்கள் சிரித்தார். மாமனார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மாமியார் கூட்டத்துக்குப் பின்னால் முக்காடு போட்டு நின்றிருந்தார். அதற்கப்புறம் அவர் இருந்த வரைக்கும் எனக்கு ஒரு வார்த்தை வந்ததில்லை, பிள்ளை வழியாகவும் இல்லை, தூண் வழியாகவும் இல்லை. நான் அவர் வீட்டுக்குப் போனால் இலை போட்டிருக்கும், அவ்வளவுதான். நானே பார்த்துப் போய் உட்கார வேண்டியது.

செண்பகம் டவுணுக்கு வந்தும் ஆவுடையிடம்தான் பேசினாள். "ஒங்கப்பாவ சாப்பிட வரச் சொல்லு." "ஒங்கப்பாகிட்ட எண்ண தீந்துட்டுன்னு சொல்லு." கோபம் ஆறட்டும் என்று நானும் ஆவுடையிடமே பதில் சொன்னேன். கோபம் என்றால் ஆறும். ஒருநாள் கெஞ்சியே கேட்டுவிட்டேன், எதுக்கு இப்படிச் செய்கிறாய் என்று. பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு சொன்னாள்: "எங்கம்மா ஒருத்தர் முன்னாலயும் வந்து நின்னதில்ல ஆவுடை. வருசத்துச் சோறுக்காவத்தான் வந்து நின்னா. ஒங்கப்பாவுக்கு அது சிரிப்பா இருந்துச்சு."

அன்றைக்கு நேரத்தோடேயே கடைக்குப் போய்விட்டேன்.

ஆவுடைக்குப் பேச்சு வந்தது. வந்த வேகத்தில் ஒருநாள், "ஒங்கப்பாட்ட சொல்லு" என்று செண்பகம் தொடங்கியதும், மழலையில் "நீயே சொல்லு" என்றாள். அதன் பிறகுதான் செண்பகம் என்னிடம் நேரே பேசினாள். இன்றுவரை நேரேதான் பேசுகிறாள். மரியாதையாக, வேண்டியதை மட்டும், கடைக்கு வந்த ஆளிடம் பேசுகிற மாதிரி.

இப்போது எங்கள் வீட்டில் மேற்கே லேசாகக் கறுத்தால் போதும், பேரன் பேத்திகள் கத்துவார்கள்: "தாத்தா, மொதல்ல பிள்ளைய எழுப்புங்க!" ஆவுடை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். இதை எழுதுகிற மருமகனும் சிரிப்பான், இப்போதும் சிரிக்கிறான். எல்லோருக்கும் முன்னால் நான்தான் சிரிப்பேன், கோவணத்தோடு வழுக்கிப் போனதை நடித்தும் காட்டுவேன்.

செண்பகம் மட்டும் அந்த நேரத்தில் எங்களோடு இருக்க மாட்டாள். எழுந்து மாடிக்குப் போயிருப்பாள், வற்றலை அள்ள.